கண் காணாததை நாடா கண்டது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைத் தென்மாவட்டத்தார் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளைச் சூழ்ந்தது.

வெள்ளம் வடிந்தபின் சிவகாசியிலிருந்து அரிசியும் சேலைகளும் கொண்டு சென்றோம். வரிசையில் நின்ற ஒரு தாயின் இடுப்பிலிருந்து குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்தது. குறையொன்றுமில்லை என்று எண்ணினோம்.

அங்கிருந்த செவிலியரோ அதன் மேற்கையின் நடுவே வண்ண நாடா ஒன்றைச் சுற்றினார். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அச்சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் மெலிவு, 11.5க்கும் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தைக்கு 12 இருந்தது. பாலூட்டும் தாய்க்கு 23க்குக் குறையலாகாது, அவளுக்கோ 20தான்.

"வயிறார எப்போதம்மா சாப்பிட்டாய்?"

"பிள்ளைகள் தின்றதுபோக மிஞ்சினால்தானே, சிஸ்டர்!"

அரிசி பசியாற்றும்; பருப்பும் முட்டையும் கீரையுமின்றி மெலிவு தீராது. கெட்ட நீரால் வயிற்றுப்போக்கு கண்டால் உண்டதும் உடலில் ஒட்டாது. இவற்றைச் செவிலியர் சொல்லவே அறிந்தோம்.

இதற்கு வெள்ளம்தான் வரவேண்டுமா? நம் பக்கத்தில் அடைமழை பிடித்தால் பட்டாசு காய வெயிலில்லை, வேலையில்லை, கூலியுமில்லை. அப்போது முதலில் குறைவது தாயின் சோறன்றோ?

வீடு திரும்பியதும் தையல் நாடாவை எடுத்து, கைக்குழந்தைக்காரியான எங்கள் மருமகளின் கையை அளந்தோம். 22! எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவள் அவள். நாள்தோறும் பார்த்திருந்தும் நாங்கள் காணவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் முதல் இலை அவளுக்கே.