விழும் நாளுக்கான வண்டி

"லடாக் போகணும் ஐயா, எந்த வண்டி வாங்கலாம்?" என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மூட்டை முடிச்செல்லாம் கட்டிய வண்டி சாய்ந்துவிட்டால், துணைக்கு ஆளில்லாமல் தூக்கி நிறுத்துவீர்களா?" குதிரைத்திறனைப் பற்றியும் தொடுதிரையைப் பற்றியும் பேச ஆசையாக வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி சப்பென்று இருக்கும். ஆனாலும் தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான்.

மணலிலும் சேற்றிலும் ஓடும் வண்டி விழத்தான் செய்யும். கைதேர்ந்தவரும் விழுவார். பெரும்பாலும் வேகத்தில் அல்ல. மெதுவாகத் திரும்பும்போது, கால் ஊன்ற நினைத்த இடத்தில் பள்ளம் இருக்கும், அவ்வளவுதான். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ஏறத்தாழ 158 கிலோ. சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, 196 கிலோ. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் அட்வென்சர் 268 கிலோ. இதற்கு மேல் துணிமணி, கருவிகள், தண்ணீர், கூடாரம் என்று 30, 40 கிலோ ஏறிவிடும்.

லடாக் போகும் மணாலி–லே சாலையில் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான். இன்ஜினும் திணறும், ஓட்டுகிறவரும் திணறுவார். ஊரில் ஒரே மூச்சில் தூக்கிய வண்டியை அங்கே தூக்க, நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருக்கும்.

தூக்குவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். உருளாதபடி கியரில் போடுங்கள். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்னதாகவே இழுத்துவிடுங்கள். நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம், அதாவது இடப்பக்கம், சாய்ந்தால் ஸ்டாண்டு தாங்கிக்கொள்ளும். ஹேண்டில்பாரை விழுந்த பக்கமாக முழுக்க ஒடித்து, சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டில்பார் பிடியில், மறு கை பின்னாலுள்ள கம்பியில். முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும். கால் பலத்தால் உந்தி, பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தால் வண்டி எழுந்துவிடும். ஒல்லியான பெண்பிள்ளைகள் இப்படித் தூக்கி நிறுத்துவதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். முரட்டு பலத்தை மட்டும் நம்பி இழுத்த வாலிபர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

எடை படுத்தும் பாட்டுக்கு ஒரு கதை சொல்கிறேன். 2004இல் நடிகர் ஈவான் மெக்ரிகோரும் அவருடைய நண்பர் சார்லி போர்மனும் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு நியூயார்க் வரை போனார்கள். பெரிய பிஎம்டபிள்யூ வண்டிகள், நிறைய பெட்டிகள். மங்கோலியாவில் அவர்களுடைய ஒளிப்பதிவாளர் கிளாடியோ வான் பிளான்டாவின் வண்டிச் சட்டம் உடைந்தது. வெல்டிங் வைத்தும் தொல்லை தீராமல், அங்கேயே இஜ் பிளானெட்டா என்ற எளிய ரஷ்ய வண்டியை வாங்கி அவர் ஓட்டினார். பெரிய வண்டிகள் புதைந்து விழுந்துகொண்டிருந்த சேற்றில் அந்த இலேசான வண்டி முன்னேறிப் போனது. நெதர்லாந்தைச் சேர்ந்த நோரலி ஸ்கூன்மேக்கர் 2018இல் இந்தியாவில் ஹிமாலயன் ஒன்றை வாங்கி, சொந்த நாடு வரை ஓட்டிச் சேர்ந்தவர். பின்னாளில் ஆப்பிரிக்காவைக் கடக்க அவர் எடுத்துக்கொண்டது அதைவிட இலேசான, ஏறத்தாழ 300 சிசி ஹோண்டா. அனுபவம் கூடக் கூட அவருடைய வண்டி சிறுத்திருக்கிறது. எனக்கும் வயது ஏற ஏற வண்டியின் எடை இறங்கிக்கொண்டே வந்தது. போகும் இடங்கள் குறையவில்லை.

பெட்ரோல் கணக்கையும் மோசமான நாளை வைத்தே போட வேண்டும். மணாலி–லே சாலையில் டாண்டி பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று சொன்ன பலகை வண்டிக்காரர்கள் நடுவே வெகு காலமாகப் பிரசித்தம். 17 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்றால் 476 போகலாம், தாராளம். ஆனால் முதல் இரண்டு கியரிலேயே நாள் முழுக்க ஏறி, மைலேஜ் இருபதுக்கு இறங்கினால் 340தான். மிச்சம் 25 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போக முடியுமா? 5 லிட்டர் கேன் ஒன்று கூடவே வர வேண்டும்.

பெட்டி விஷயமும் அப்படித்தான். அலுமினியப் பெட்டி பார்க்கக் கம்பீரம், பூட்டவும் முடியும். சாயும்போது பெட்டிக்கும் தரைக்கும் நடுவே கால் சிக்கினால் எலும்பு முறியும். கரடுமுரடான பாதைக்குக் கெட்டித் துணியில் தைத்த சேடில் பேக் நல்லது. விழுந்தால் அது நசுங்கும், கால் தப்பும். கனமான கருவிகளும் தண்ணீரும் தாழ்வாக, ஓட்டுகிறவருக்கு நெருக்கமாக இருக்கட்டும். பின்னால் உயரத்தில் மூட்டையைக் குவித்தால் முன்சக்கரம் பிடிமானம் இழந்து ஹேண்டில் ஆடும்.

கையில் இருக்கும் பணத்தை முதலில் இன்ஜின் அடித்தகட்டிலும் கைக்காப்பிலும் நல்ல டயரிலும் போடுங்கள். சைலன்சர் மாற்றுவதும் கூடுதல் விளக்கும் பிறகு ஆகட்டும். கிளட்ச், பிரேக் லீவர்களின் கவ்வியை முறுக்கி இறுக்காமல், பலமாகத் தள்ளினால் சுழலும் அளவில் வையுங்கள். விழும்போது லீவர் திரும்பிக்கொள்ளும், உடையாது. ஸ்போக் வீல் கல்லில் அடிபட்டு வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் வீலில் விரிசல் விட்டால் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. உதிரி டியூப், டயர் லீவர், காற்றடிக்கும் பம்ப், கிளட்ச் கேபிள், செயின் லிங்க், ஃபியூஸ், எம்-சீல் இவை இல்லாமல் புறப்படாதீர்கள். கல் பட்டு இன்ஜின் உறையில் ஆயில் கசிந்தால், சுத்தமாகத் துடைத்து எம்-சீலைப் பிசைந்து ஒட்டி அடுத்த ஊர் போய்ச் சேரலாம். கருவி பையில் இருப்பது மட்டும் போதாது. அதைப் பிடிக்கக் கை பழகியிருக்க வேண்டும்.

இத்தனை வருஷம் வண்டிகளோடு பழகியதில் நான் கற்றது இதுதான்: எதையும் நாம் நிமிர்ந்து நிற்கும் நாளை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஷோரூமில் எல்லா வண்டியும் நம் கைக்கு அடங்கியதாகத்தான் தெரியும். வங்கியில் கையெழுத்துப் போடும் நாளில் எல்லாத் தவணையும் கட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். சம்பளம் மூன்று மாதம் நின்றால் இந்த வீட்டுக் கடன் தாங்குமா? வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் இந்த வேலை நேரம் ஒத்துவருமா? கேட்கக் கசப்பாக இருக்கும் கேள்விகளை முன்னாலேயே கேட்டுக்கொண்டவர்கள்தான் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. எழுந்துகொள்ள வழி தெரிந்தவருக்குத்தான் தூரமாகப் போகத் துணிச்சல் வரும். வள்ளுவர் வலியறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியதும், செயலில் இறங்கச் சொல்லித்தானே தவிர, வீட்டில் உட்காரச் சொல்லி அல்ல.

அதனால் பிள்ளைகளே, வண்டிக்கு முன்பணம் கட்டுமுன், அதே வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு காலைப் பொழுதுக்குக் கேட்டு வாங்குங்கள். புல் தரையில் மெதுவாகச் சாய்த்து, தனியாகத் தூக்குங்கள். பின்சக்கரத்தைக் கழற்றி, டியூபை மாற்றி, திரும்ப மாட்டுங்கள். இரண்டும் முடிந்தால் அந்த வண்டி உங்களுடையது. முடியாவிட்டால் அதைவிட இலேசானதைத் தேடுங்கள். அதிலும் லே வந்துவிடும்.