ஹவுசிங் போர்டு வீட்டை புரோக்கர் விற்கலாமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த வசனம் பழக்கமாக இருக்கும். "ஹவுசிங் போர்டு வீடு சார். கவர்மெண்ட் கட்டினது, டாகுமெண்ட்ல ஒரு வில்லங்கமும் வராது." பாதி உண்மை. கவர்மெண்ட் கட்டியதுதான். ஆனால் இன்றைக்கு அது யாருடைய வீடு?

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961-ல் தனிச் சட்டத்தின் மூலம் உருவானது. முகப்பேர், அயப்பாக்கம், ஆவடி என்று சென்னைக்கு மேற்கே வாரியத்தின் குடியிருப்புகள் வரிசையாக உண்டு. பலருக்குத் தவணை முறையில் வீடு கிடைத்தது. முதலில் அலாட்மெண்ட் ஆர்டர், பிறகு ஒப்பந்தம், பிறகு மாதாமாதம் தவணை. எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் வாரியம் கிரயப் பத்திரம் எழுதித் தரும். அதுவரை வீட்டில் குடியிருப்பவர் ஒதுக்கீடுதாரர் மட்டுமே, உரிமையாளர் வாரியம்.

இங்கேதான் சிக்கல். ஒதுக்கீட்டின்போது சொல்லும் விலை பெரும்பாலும் தற்காலிக விலை. நிலம் கொடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போய் கூடுதல் இழப்பீடு வாங்கினால் அந்தச் சுமை இறுதி விலையில் ஏறும். தவணை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தவருக்குப் புதிதாக ஒரு பாக்கி வரும். கட்டாமல் விட்டால் வட்டி ஏறும், பத்திரம் தள்ளிப்போகும். அதற்குள் மகள் கல்யாணம், மருத்துவச் செலவு என்று பணம் தேவைப்படும். அப்போது புரோக்கர் ஒரு வழி சொல்வார்: "பத்திரம் எதுக்கு? பவர் போட்டுக் கொடுங்க, போதும்."

வாங்குபவர் முழுப் பணத்தையும் கொடுத்து பவர் பத்திரம், ஒப்பந்தம், உயில் மூன்றையும் வாங்கி பீரோவில் வைப்பார். உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக பவரும் செல்லாது. வாரிசுகள் வந்து நிற்பார்கள். இந்த மாதிரி பவர் விற்பனையால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அப்படியானால் புரோக்கர் இந்த வீடுகளைத் தொடவே கூடாதா? தாராளமாக விற்கலாம். வரிசைதான் முக்கியம்:

1. முதலில் பாக்கியைக் கட்டி, ஒதுக்கீடுதாரர் பெயரில் கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும்.
2. வில்லங்கச் சான்றிதழில் அந்தப் பதிவு தெரிய வேண்டும்.
3. ஒதுக்கீடுதாரர் இறந்திருந்தால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும்.
4. அதன் பிறகுதான் வாங்குபவர் பெயருக்குக் கிரயம்.

அரசு ஊழியர்களுக்கான வாடகைக் குடியிருப்பு இந்தக் கணக்கிலேயே வராது. அதை யாரும் விற்க முடியாது.

சிங்கப்பூரிலும் பெரும்பாலான மக்கள் அரசு கட்டிய எச்.டி.பி. வீடுகளில்தான் இருக்கிறார்கள். அங்கே குறைந்தது 5 வருடம் குடியிருந்தால்தான் விற்க முடியும். முகவர்கள் அரசு அமைப்பில் பதிவு செய்தவர்கள். நம் ஊரில் ரெரா சட்டம் முகவர் பதிவைக் கொண்டுவந்தாலும் அது முக்கியமாகப் புதிய திட்டங்களுக்குத்தான். பழைய வீட்டின் மறுவிற்பனையில் உங்களுக்கு நீங்கள்தான் காவல்.

வாரிய அலுவலகத்துக்கு ஒதுக்கீடுதாரரோடு நாலு தடவை நடந்து பத்திரம் வாங்கிக் கொடுக்கும் புரோக்கருக்குக் கமிஷன் தாராளமாகக் கொடுக்கலாம். பவர் போதும் என்பவரிடம் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள்.