காணி விலை ஏறுது, வாடகை ஏன் ஏறல்ல?



கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற நம்ம தம்பிமார் அடிக்கடி கேட்பது இது: "சேர், லிந்துலைப் பக்கம் ஒரு வீடோ கடையோ வாங்கி வாடகைக்கு விட்டா நல்லதா?" வங்கியில் வைப்புப் போட்டு வட்டி எடுக்க விரும்பாதவருக்கு முதலில் மனசில் வருவது வாடகைதான். ஹலாலான வருமானம், மாதாமாதம் உம்மா வாப்பா கையில் காசு. நியாயமான ஆசை. ஆனா பதினைந்து வருஷ உழைப்பை ஒரே இடத்தில் போட முதல் கொஞ்சம் கணக்குப் பார்க்கணும்.

நம்மைச் சுற்றி இருப்பது தோட்டம். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோடு அது அரசுடைமையானது. 1992க்குப் பிறகு கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. அதில் நாம் விலை பேசி வாங்க ஏலாது. மிஞ்சுவது ஹட்டன் - நுவரெலியா வீதியோரத்துப் பஜார்த் துண்டுகளும் அங்கொன்று இங்கொன்றாக உள்ள உறுதிக் காணிகளும்தான். விற்க ஒருவர், வாங்கப் பத்துப் பேர். விலை ஏறாமல் என்ன செய்யும்?

வாடகை அப்படி ஏறாது. அதைத் தீர்மானிப்பது குடியிருக்க வருகிறவரின் சம்பளம். இங்கே வீடு தேடி வருவது மாற்றலாகி வரும் ஆசிரியர், தாதி, வங்கி உத்தியோகத்தர். எங்கள் சம்பளம் என்னவென்று உங்களுக்கே தெரியும்! கடை வாடகையோ தோட்டத்துச் சம்பளத்தோடு கட்டிப் போட்டது. சம்பளம் போட்ட கிழமை பஜார் எப்படி இருக்கு, மாதக் கடைசியில் எப்படி இருக்கு என்று பாருங்க. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது, 2024இல் அடிப்படை 1,350. இடையில் 2022இல் சாமான் விலை எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கொழுந்துக் காசில்தான் கடைக்காரர் வாடகை கட்டுகிறார்.

ஒரு உதாரணக் கணக்கு. 80 இலட்சத்துக்கு வீடு, வாடகை 25,000. வருஷத்துக்கு 300,000. ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தால் 25,000 போச்சு. நம்ம ஊர் மழைக்கும் பனிக்கும் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். பெயின்ட், தகரம், பைப் என்று 35,000. மிச்சம் 240,000. அதாவது 3 வீதம். போட்ட காசு திரும்ப 33 வருஷம்.

"காணி விலை ஏறுமே சேர்" என்பார்கள். ஏறும், ரூபாயில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. ரியாலில் உழைக்கிறவர் அந்த ஏற்றத்தை ரியாலிலும் ஒருக்கா பிரித்துப் பார்க்கணும்.

என் அபிப்பிராயம், புதுக் காணி வாங்குவதை விட இருக்கிற வாப்பாட வீட்டுக்கு மேல்மாடி போடுவது மேல். 25 இலட்சம் செலவழித்து 20,000 வாடகை வந்தாலே, செலவு கழிக்க முன் வருஷத்துக்கு 9 வீதத்துக்கு மேல். காணிக்குக் காசு போகல்ல, அதுதான் வித்தியாசம். ஆனா அத்திவாரம் தாங்குமா என்று பாஸ் சொன்னால் போதாது, பொறியியலாளர் பார்க்கணும். நகர சபை அனுமதி வேணும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் வேணும். 2025 நவம்பரில் டித்வா வந்த பிறகு அந்த அறிக்கை இல்லாத சரிவுக் காணியை மலிவு என்று யாராவது காட்டினால், தயவுசெய்து வாங்க வேணாம். நாளைக்கு நீங்கள் விற்கப் போனால் அதை யார் வாங்குவார்?

இன்னொன்று, சொந்தக்காரர் என்று வாய்ப்பேச்சில் வீடு கொடுப்பது. வாடகைக்கு விட்ட இடத்தைத் திரும்ப எடுக்கும் வழக்கைச் சுருக்கத்தான் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கையில் ஒப்பந்தமே இல்லாதவர் அதை வைத்து என்ன செய்வது? நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசைப் பார்க்காதீங்க. மச்சானாக இருந்தாலும் எழுதிக் கொடுங்க. வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, எப்போது கூட்டுவது, கரண்ட் பில் யார் கட்டுவது, எல்லாமே.