ரிச்சி தெருவுக்கு ஒரு நடை

சென்னைக்கு வருகிற உறவுக்காரர்களை மெரீனாவுக்கும் மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் அழைத்துப் போகிறோம். ரிச்சி தெருவைப் பார்க்க வேண்டிய இடமென்று யாரும் சொல்வதில்லை. ஆனால் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுப் பெண்கள் ஒரு தடவையாவது போய் வரவேண்டிய தெரு அது!

அண்ணா சாலையிலிருந்து (நமக்கு இன்னமும் மவுண்ட் ரோடுதான்) சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் வந்துவிடும். பெயர்தான் ஒரு தெருவுக்கு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்ததைத்தான் ரிச்சி தெரு என்கிறார்கள். ரேடியோ, டேப் ரிக்கார்டர் காலத்தில் உதிரி பாகங்களுக்காகத் தேடி வந்த இடம். இன்று கம்ப்யூட்டர், காமிரா, செல்போன் சாமான் வரை கிடைக்கிறது. பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம். அதற்கப்புறம் கொஞ்ச தூர நடைதான்.

நானும் என் பெண்ணும் போனது ஒரு ஹெட்போனுக்காக. பிளஸ் டூ படிக்கிறாள். பாடமெல்லாம் செல்போனில் கேட்டுத்தான் எழுதுகிறாள். எங்கள் வீடோ ஒரே ஹால். என் மாமியாருக்கு வயதினால் காது மந்தம். டி.வி.யை உரக்க வைத்தால்தான் அவருக்குக் கேட்கும். பாவம், வேறு பொழுதுபோக்கு என்ன இருக்கிறது! அந்தச் சத்தத்தை மீறிக் கேட்க இவள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவாள். பாட்டியின் காது வயதினால் போனது, பேத்தியின் காது இப்படிப் போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை. போதாக்குறைக்கு இருந்த ஹெட்போனும் ஒரு வருஷத்தில் பட்டை அருகே முறிந்துவிட்டது.

முறிந்ததைக் கையோடு எடுத்துப் போயிருந்தோம். தெருவோரம் ஒரு சின்ன மேஜை, விளக்கு, ஈயம் வைக்கிற சால்டரிங் கோல், இவற்றோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“உள்ளே ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கும்மா. கூடுதான் போச்சு. ஒரு ஸ்க்ரூகூட இல்லை பாருங்க, எல்லாம் பசை வச்சு ஒட்டினது. திறந்தா உடையும்.”

“அப்போ புதுசுதான் வாங்கணுமாய்யா?”

“வாங்குங்க. ஆனா என்னால திறக்க முடியறதா பார்த்து வாங்குங்க!”

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் இதைவிட நல்ல யோசனை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

ஹெட்போனில் இரண்டு ஜாதி. காதுமூடியின் பின்பக்கம் சல்லடைபோல் திறந்திருப்பது ஒன்று. அமைதியான அறைக்கு அது நன்றாக இருக்கும். ஆனால் வெளிச் சத்தம் உள்ளே வரும், உள்ளே ஓடுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். பின்பக்கம் முழுக்க மூடியது இன்னொன்று. காதைச் சுற்றி மெத்தைபோல் பொருந்தி, வெளிச் சத்தத்தைக் குறைக்கும். எங்கள் ஹாலுக்கு மூடியதுதான் சரி.

ஐந்தாறு கடை ஏறி இறங்கினோம். “ப்ளூடூத் எடுத்துக்கோங்கக்கா” என்று தம்பிகள் சொல்லாத கடையில்லை. வசதிதான். ஆனால் பாட்டரி சில வருஷத்தில் தளர்ந்துவிடும். ஒயர் வைத்ததில் அந்தத் தொல்லை இல்லை. ஒயர் அறுவது பெரும்பாலும் பின்னுக்குப் பக்கத்தில். அதனால் ஹெட்போனிலிருந்து கழற்றி மாட்டுகிற ஒயராகப் பார்த்தால், ஒயரை மட்டும் மாற்றினால் போதும்.

காதுமூடி பட்டையோடு சேரும் மூட்டுதான் சீக்கிரம் முறிகிற இடம். அங்கே உலோகமும் ஸ்க்ரூவும் இருந்தால் நல்லது. பட்டையை மெல்ல விரித்துப் பாருங்கள். உள்ளே எஃகுத் தகடு இருந்தால் கையை விட்டதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். நம்மூர் வியர்வையில் ரெக்சின் மெத்தை உரியத்தான் செய்யும். மெத்தை தனியாகக் கழன்று வருகிறதா, மாற்று மெத்தை கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஒரு கடையில் பாட்டு ஸ்டுடியோக்காரர்கள் வாங்கும் ரகத்தையும் காட்டினார்கள். 1991-ல் வந்த சோனி எம்.டி.ஆர். 7506, ஜெர்மனியின் பேயர்டைனமிக் டி.டி. 770 ப்ரோ இரண்டும் மூடிய வகை. மெத்தையை மாற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் உழைப்பதற்குப் பெயர் பெற்றவை. விலை எங்களுக்கு எட்டாது. ஆனால் டி.டி. 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று தினுசில் வந்திருப்பதைச் சொல்லி, கடைக்காரர் ஒன்று விளக்கினார். செல்போனுக்கு 32 ஓம் போன்றது போதும். 250 ஓமுக்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

பின்னையும் கவனியுங்கள். அதில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் மைக்கும் சேர்த்தது. இரண்டு என்றால் கேட்க மட்டும். வகுப்பில் பேச வேண்டிய பிள்ளைக்கு மூன்று வளையம் வேண்டும். செல்போனில் வட்டத் துளை இல்லாவிட்டால் டைப்-சி மாற்றி ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும்.

கடைசியில் ஸ்க்ரூ, கழற்றும் ஒயர், கழலும் மெத்தை மூன்றும் உள்ளதாக ஒன்று 1,900 ரூபாய் சொல்லி, பேசி 1,750-க்கு முடிந்தது. பணம் கொடுக்கும் முன் எங்கள் செல்போனிலேயே பாடத்தை ஓடவிட்டு, இரண்டு காதிலும் கேட்கிறதா, பின் பக்கம் ஒயரை அசைத்தால் கரகரக்கிறதா என்று பார்த்தோம். பெண் மூக்குக் கண்ணாடியோடு பத்து நிமிஷம் மாட்டிப் பார்த்தாள். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கினால் சந்து வழியே சத்தம் நுழையும். போலிச் சரக்கும் உலவுவதால் பில் கேட்டு வாங்கினேன். பெரியவரிடம் போய்க் காட்டினோம். “இதைத் திறக்கலாம்” என்று சிரித்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வரைமுறைப்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான் எல்லை. ஒலி 3 டெசிபல் கூடினால் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். உள்காதில் இருக்கும் நுண்ணிய ரோம செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. எத்தனை நல்ல ஹெட்போனாக இருந்தாலும் ஒலி அளவு பாதிக்கு மேல் போக வேண்டாம். மணிக்கு ஒருமுறை கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மூடிய வகையை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க விடாதீர்கள். வண்டிச் சத்தமே கேட்காது.

இப்போது சீரியல் ஓடும்போதும் என் பெண் பாதி அளவுக்குக் கீழேயே வைத்துக் கேட்கிறாள். டி.வி.யும் பாட்டிக்குக் குறையவில்லை.

ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தண்ணீர் பாட்டிலும், உடைந்த பழைய ஹெட்போனும் கையில் இருக்கட்டும்.