அரை மில்லிமீட்டர் ராஜா!

நாட்டிங்காம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் மக்களே? ராபின் ஹூட்? கரெக்ட். கோட்டைக்கு வெளியே வில்லை வளைத்தபடி சிலையாக நிற்கிறார். கிரிக்கெட் பைத்தியம் என்றால் டிரென்ட் பிரிட்ஜ். அதுவும் கரெக்ட். ஆனால், போன கோடையில் ஆறு வாரப் புராஜெக்ட்டுக்காக அங்கே போய் இறங்கிய எனக்கு அந்த ஊர் வேற முகத்தைக் காட்டியது. போர் விளையாட்டுக்கான குட்டி பொம்மை வீரர்களைச் செய்கிற கம்பெனிகள் கொத்துக் கொத்தாக இருக்கிற வட்டாரம் அது. முன்பெல்லாம் இந்த பொம்மைகளை ஈயக் கலவையில் வார்ப்பார்களாம். அதனால் ‘லெட் பெல்ட்’ என்றே அந்தப் பக்கத்துக்குச் செல்லப் பெயர். வார்ஹாமர் ஆடுகிற பசங்களுக்குத் தெரிந்திருக்கும்... அதன் தலைமையகம் அங்கே லென்டனில்தான். வாசலில் ஒரு ராட்சச ஸ்பேஸ் மரீன் சிலை முறைத்துக்கொண்டு நிற்கும்.

எனக்கு வாய்த்தது ஏலியன் சண்டை இல்லை. சரித்திரம்.

லேபில் எங்களுக்கு மெஷின் காட்டிக்கொடுத்த டெக்னீஷியன்தான் காரணம். வயசு அறுபதுக்கு மேல். ஒரு காலத்தில் டூல் மேக்கராக இருந்தவர். “பேர் சொல்லித்தான் கூப்பிடணும்” என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வயசுக்காரரை எப்படிங்க பேர் சொல்லிக் கூப்பிடுவது? வாய் வராமல் ஆறு வாரமும் ‘எக்ஸ்கியூஸ் மி’யிலேயே ஓட்டினேன். இந்தக் கட்டுரைக்குள் அவர் தாத்தா.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தாத்தா என்னை அவருடைய கிளப்புக்குக் கூட்டிப் போனார். ஒரு பெரிய ஹால், நீள நீள மேஜைகள், மேஜை மேல் புல்வெளி, குன்று, வேலி. அதில் நூற்றுக்கணக்கில் சுண்டுவிரலைவிடச் சின்ன வீரர்கள். சுற்றி நின்று தாடி வைத்த மாமாக்கள் டேப்பை நீட்டி அளந்து, தாயக்கட்டையை உருட்டி, சீரியஸாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற என் கையில் தாத்தா ஒரு பெட்டியைக் கொடுத்தார். “அடுத்த மாசம் பாஸ்வொர்த் ஆடறோம். நீயும் ஒரு படை கட்டு.”

உள்ளே சாம்பல் நிற பிளாஸ்டிக் ஃபிரேம்கள். மெக்கானிக்கல் பசங்களா... இன்ஜெக்‌ஷன் மோல்டிங் லேபில் பார்ட்டெல்லாம் ரன்னரோடு சேர்ந்து வெளியே விழுமே, அச்சு அசல் அதேதான். உடம்பு தனி, தலை தனி, கை தனி. 40 வீரர்களுக்கான பாகங்கள். ஏன் தனித்தனி? இரண்டு பாதி அச்சு திறக்கும்போது பொருள் மாட்டிக்கொள்ளாமல் வெளியே வரணும் இல்லையா? நீட்டிய கை, திரும்பிய தலை, பிடித்த வில் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் எடுக்க முயன்றால் ஏதாவது ஒன்று அச்சில் சிக்கும். அதனால் பிரித்து வார்க்கிறார்கள். அந்தக் கட்டாயம்தான் இந்த ஹாபிக்கே வரம்! எந்தக் கையையும் எந்த உடம்பிலும் ஒட்டலாம். போதாதா? வெட்டு, வளை, வேற தலை மாற்று. இதற்குப் பேர் கன்வெர்ஷன்.

சண்டை என்ன சண்டை? ரோஜாப் போர்கள். 1455-ல் தொடங்கி யார்க், லங்காஸ்டர் என்று ஒரே ராஜவம்சத்தின் இரண்டு கிளைகள் அடித்துக்கொண்ட பக்கா பங்காளிச் சண்டை. இதில் ஒரு வசதி. இரண்டு பக்கமும் அதே வில், அதே கவசம், அதே முகம். மேல்கோட்டு நிறம்தான் வித்தியாசம். சிவப்பு கலந்த ஊதாவும் நீலமும் அடித்தால் ராஜா ரிச்சர்டின் ஆள். வெள்ளையும் பச்சையும் அடித்தால் எதிரி ஹென்றி டியூடரின் ஆள். ஒரே பெட்டி, இரண்டு கட்சி. நம்ம ஊர்ப் பசங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

முதல் வாரம் முழுக்க சுரண்டல் வேலைதான். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு ஓடும். அதைக் கத்தியின் முதுகால் சுரண்டணும். சோம்பேறித்தனப்பட்டு விட்டால், பெயின்ட் அடித்த பிறகு கன்னத்தில் தழும்பு மாதிரி பல்லிளிக்கும். ஒட்டுவதற்குப் பசை இல்லை, ஒருவிதக் கரைப்பான். இரண்டு பக்கத்து பிளாஸ்டிக்கையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது. வெல்டிங் மாதிரி. அப்புறம் பிரைமர், அதன்மேல் தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு மூன்று கோட்டிங். கவசத்துக்கு முதலில் கறுப்பு. பிறகு பிரஷ்ஷில் வெள்ளி நிறத்தைத் தொட்டு, டிஷ்யூவில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் உரசணும். பள்ளம் கறுப்பாகவே நிற்கும், மேடு மின்னும். முதல் தடவை அது நடந்தபோது ஹாஸ்டல் ரூமில் தனியாக உட்கார்ந்து விசில் அடித்தேன்!

அப்போதுதான் தாத்தா சொன்னார்: “ரிச்சர்ட் யாருகிட்டயும் இல்ல. நீ பண்றியா?”

மூன்றாம் ரிச்சர்ட். 1485 ஆகஸ்ட் 22-ம் தேதி பாஸ்வொர்த்தில் செத்தபோது வயசு 32. போரில் உயிர் விட்ட கடைசி இங்கிலாந்து ராஜா. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஷேக்ஸ்பியர் நாடகத்து வில்லன்... கூன் முதுகு, சூம்பிய கை. உடனே பச்சைப் புட்டியை எடுத்தேன். ‘கிரீன் ஸ்டஃப்’ என்று மஞ்சளும் நீலமுமாக இரண்டு பட்டை வரும். பிசைந்தால் பச்சையாகும், சில மணி நேரத்தில் இறுகிவிடும். அட, நம்ம எம்-சீல்! கொலுவில் மூக்கு உடைந்த செட்டியார் பொம்மைக்கு எங்கம்மா எம்-சீலில் மூக்கு வைத்திருக்கிறார். அந்தப் பரம்பரைத் திறமையில், கவசம் போட்ட வீரன் ஒருவனுக்குப் பட்டாணி சைஸில் முதுகில் கூன் வைத்தேன்.

தாத்தா பொம்மையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாருக்கு. ஆனா இது ஷேக்ஸ்பியரோட ரிச்சர்ட். லெஸ்டர்ல இருக்கறவரைப் பார்த்துட்டு வா.”

லெஸ்டர், ரயிலில் அரை மணி நேரம் சொச்சம். ரிச்சர்டைப் புதைத்த மடாலயம் காலப்போக்கில் காணாமலே போய், அந்த இடம் ஒரு கார் பார்க்கிங் ஆகிவிட்டது. 2012-ல் அதைத் தோண்டியபோது ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. அவர்தான் என்று 2013 பிப்ரவரியில் உறுதி செய்தார்கள். ராஜாவின் சகோதரி வழி வந்தவர்களின் டி.என்.ஏ.வும் பொருந்தியது. 2015-ல் எதிரே இருக்கிற கதீட்ரலில் மரியாதையாக அடக்கம் செய்துவிட்டார்கள். தோண்டிய குழி இப்போது மியூசியத்துக்குள், கண்ணாடித் தரைக்கு அடியில். பக்கத்தில் அந்த எலும்புக்கூட்டின் 3டி பிரின்ட் நகல்.

அதன் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். முதுகெலும்பு ‘எஸ்’ மாதிரி பக்கவாட்டில் வளைந்து போகிறது. ஸ்கோலியோசிஸ். கூன் இல்லை. கையும் சூம்பவில்லை. வலது தோள் கொஞ்சம் உயர்ந்து இருந்திருக்கும், அவ்வளவுதான்.

எனக்கும் அதேதான் பாஸ்.

எனக்கு அதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எங்க ஊர் டெய்லர். பத்தாம் வகுப்பு யூனிஃபார்முக்கு அளவு எடுத்தவர், “தம்பி, வலது தோள் ஒசந்திருக்கே, நேரா நில்லு” என்றார். நான் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் எக்ஸ்ரே, சட்டைக்குள்ளே இரண்டு வருஷம் பிரேஸ், கிளாஸில் ‘கூனா’ என்று பட்டப்பேர். இன்றைக்கும் குரூப் போட்டோ என்றால் நான் பின் வரிசையில் ஓரம்தான். அந்த டெய்லர் மட்டும் யாரிடமும் சொல்லாமல் என் சட்டைகளுக்கு இடது தோளில் ஒரு மெல்லிய பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார்.

ரிச்சர்டின் முதுகெலும்பை ஆராய்ந்தவர்கள் 2014-ல் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. நல்ல தையல்காரரும் அளவெடுத்துச் செய்த கவசமும் இருந்தால் அந்த வளைவு வெளியே பெரிதாகத் தெரிந்திருக்காது என்கிறார்கள். ராஜாவுக்கும் ஒரு டெய்லர் இருந்திருப்பார்!

ஆகஸ்டில் பாஸ்வொர்த் விழா. தாத்தாவின் காரில் போனோம். ஆம்பியன் குன்று மேல் கொடி பறக்கிறது, மியூசியம் இருக்கிறது. ஆனால் நிஜமான போர்க்களம் அங்கிருந்து 3 கிலோமீட்டர் போல தள்ளி, சாதாரண வயல்காடு. 2009-10-ல்தான் அதை அறிவித்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து 30-க்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகளும், ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி பொறித்த வெள்ளி முலாம் பேட்ஜ் ஒன்றும் கிடைத்திருக்கின்றன. தங்க மெருகு போட்ட வெள்ளி என்று தாத்தா திருத்தினார்.

விழாவில் கவசம் போட்டவர்கள் வெயிலில் வியர்த்து வழிய மோதினார்கள். பீரங்கி வெடித்தபோது நான் துள்ளிவிட்டேன். தாத்தா சிரிக்கவில்லை. என் பெட்டியில் இருந்த வீரர்களின் கம்பெனி, பெர்ரி என்கிற இரட்டையர்கள் ஆலன், மைக்கேல் இருவருடையது. மைக்கேல் இதே மாதிரி ஒரு பழங்காலப் போர் நிகழ்ச்சியில், 1996-ல் ஃபிரான்ஸில், பீரங்கி விபத்தில் வலது கையை இழந்தவர். சிற்பிக்கு வலது கை! அதன்பிறகு இடது கையால் செதுக்கப் பழகி, தொழிலை விடாமல் தொடர்ந்தார். நான் கை ஒட்டிக்கொண்டிருந்த பொம்மைகள் அப்படிப்பட்டவரின் பட்டறையிலிருந்து வந்தவை என்று அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று ராத்திரியே கத்தியை எடுத்தேன். பட்டாணிக் கூனைச் சீவி எறிந்தேன். பிறகு கணக்கு. இந்த பொம்மைகள் நிஜத்தில் ஏறக்குறைய 60-ல் ஒரு பங்கு. தோள் வித்தியாசம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், பொம்மையில் அரை மில்லிமீட்டர். இடுப்பில் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, வலது பக்கம் ஒரு பிளாஸ்டிக் சீவலைச் செருகி ஒட்டினேன். வெட்டுத் தெரியாமல் புட்டி பூசினேன். தோள் கவசத்துக்கு ஒரு விளிம்பு. ஹெல்மெட்டைச் சுற்றி முறுக்கிய கம்பி, அதுதான் கிரீடம். மேல்கோட்டு பெயின்ட் மட்டும் மூன்று ராத்திரி.

ஆட்டத்தன்று ரிச்சர்டை மேஜையில் வைத்தபோது எதிரில் இருந்தவருக்கு எதுவும் தெரியவில்லை. தாத்தா எடுத்துப் பார்த்தார். கட்டைவிரலால் வலது தோளை ஒருமுறை தடவினார். ஒன்றும் சொல்லாமல், படையின் முன்னால் கொண்டுபோய் வைத்தார். ஆட்டமா? நிஜத்தில் நடந்ததேதான். நான் டியூடரை நோக்கிப் பாய்ந்தேன், அதுவரை வேடிக்கை பார்த்த சர் வில்லியம் ஸ்டான்லி தன் ஆட்களோடு என் விலாவில் வந்து இறங்கினார். தாயக்கட்டையும் துரோகி. முடிஞ்சுது.

ரிச்சர்ட் இப்போது இங்கே, என் ஹாஸ்டல் மேஜையில், கால்குலேட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறார். ரூம்மேட் போன வாரம் குனிந்து உற்றுப் பார்த்தான்.

“என்னடா, லேசா சாஞ்சிருக்கான்? சரியா ஒட்டலையா?”

“இல்லடா. அளந்து ஒட்டினது.”