கிருபையின் பெயர்



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளந்தம்பதியர் தங்கள் மகனுக்கு 'எவன்' என்று பெயரிட விரும்பினர். "தமிழில் இது என்ன பெயர்? யோவான் என்று வையுங்கள்" எனக் கடிந்துகொண்டேன். தாயின் முகம் வாடிற்று, ஆயினும் கீழ்ப்படிந்தனர்.

பின்னரே அறிந்தேன். யோவான் என்னும் எபிரெயப் பெயரே வேல்ஸ் மொழியில் 'ஈவன்' என்றாகி, ஆங்கிலத்தில் 'எவன்' ஆயிற்று. 'கர்த்தர் கிருபையுள்ளவர்' என்பதே இரண்டிற்கும் பொருள். 1904ஆம் ஆண்டு வேல்ஸ் தேசத்து எழுப்புதலில் தேவன் எடுத்துப் பயன்படுத்திய எவன் ராபர்ட்ஸ், சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். அப்போது அவருக்கு வயது 26.

யோவானின் பெயரைக் கேட்ட சகரியாவின் உறவினரும், தங்கள் குலத்தில் அப்பெயர் இல்லையென்றே மறுத்தனர். நானும் அவர்களில் ஒருவனானேன். கிருபையின் பெயரையே கிருபையின்றி மறுத்தேன்.

அவர்கள் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் புன்னகைத்து, "வீட்டில் எவன் என்றுதான் அழைக்கிறோம், ஐயா" என்றார்.

பிரியமானவர்களே, அறியாத ஒன்றை அந்நியமென்று தள்ளுமுன், அதன் பொருளைக் கேட்டறியுங்கள். நாம் மறுப்பது கிருபையாகவே இருக்கலாம். ஆமென்.