காலம் காட்டும் சொற்கள்



நேற்று என்றோ இன்று என்றோ தனியே சொல்லாமலே, ஒரு செயல் எப்போது நிகழ்ந்தது என்று அறிவிக்கும் ஆற்றல் தமிழ் வினைச்சொல்லுக்கு உண்டு. படித்தான், படிக்கிறான், படிப்பான் என்னும் மூன்றிலும் பகுதி ஒன்றே; விகுதியும் ஒன்றே. நடுவில் நிற்கும் சிறு உறுப்புத்தான் காலத்தைக் காட்டுகிறது. நன்னூல் தந்த பவணந்தி முனிவர் அதனை இடைநிலை என்று வகுத்துரைத்தார். இந்த ஒழுங்கிலே பழகிய செவிக்கு ஆங்கில வினைச்சொற்கள் சில புதிராகத் தோன்றுவதில் வியப்பில்லை.

தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த புறநகர்களிலும் இப்புதிர் பலரின் பிழைப்போடு பிணைந்திருக்கிறது. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சானடோரியத்தில் 1984-இல் ஏற்றுமதி வளாகம் எழுந்தது. பின்னர்ப் பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் பெருகின. தென் மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து குடியேறியோரின் பிள்ளைகள் வேலை தேடிச் செல்லும் இடங்களிலெல்லாம் ஆங்கிலமே வாயிற்காவலனாக நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி முடித்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஃபாதர், ஆங்கிலத் திருப்பலியில் இனி நான் வாசகம் வாசிக்கவில்லை, வேறு யாரையாவது சொல்லுங்கள்" என்றார். நெகேமியா நூல் எட்டாம் அதிகாரத்தில், எஸ்ரா மக்கள்முன் திருச்சட்ட நூலை வாசித்த பகுதியை அவர் வாசித்திருந்தார். 'ரெட்' என்று ஒலிக்க வேண்டிய இடத்தில் 'ரீட்' என்று ஒலித்துவிட, முன்வரிசையில் இருவர் சிரித்தனராம். "இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தானே ஃபாதர்? எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார். மறுவாரம் அவருக்கு ஒரு நேர்முகத் தேர்வும் இருந்தது. அதற்கும் போவதில்லை என்னும் எண்ணம் அவர் முகத்தில் தெரிந்தது.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. குருமடத்தில் நான் கற்ற சிறிதளவு இலத்தீனிலும் இதே சிக்கல் உண்டு. வாசிக்கிறான், வாசித்தான் என்னும் இரண்டையும் ஒரே எழுத்துகளால் எழுதுவார்கள். பண்டைய உரோமையர் குறிலாக 'லெகித்' என்றால் நிகழ்காலம். நெடிலாக 'லேகித்' என்றால் இறந்தகாலம். "தம்பி, உரோமையரின் ஏட்டிலேயே இந்தக் குழப்பம் இருந்தது" என்றேன். அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

பிறகு ஓர் அடையாளம் காட்டினேன். அவன், அவள் என ஒருவரைக் குறிக்கும் எழுவாய் வந்தால், ஆங்கில நிகழ்கால வினை இறுதியில் 'ஸ்' என்னும் ஒலியைப் பெறும். எஸ்ரா வாசிக்கிறார் என்றால் 'ரீட்ஸ்'. அந்த வால் இல்லையெனில் அது இறந்தகாலம். 'ரெட்' என்றே ஒலிக்க வேண்டும்.

வழிநடத்து என்னும் பொருள்படும் 'லீட்' இன்னொரு கண்ணியை வைக்கிறது. அதன் இறந்தகாலம் 'லெட்'. எல், ஈ, டி என்னும் மூன்றே எழுத்துகள். ஈய உலோகத்தின் பெயரும் 'லெட்' என்றே ஒலித்து, நடுவில் ஓர் 'ஏ' எழுத்தைக் கொண்டிருப்பதால், 'வழிநடத்தினார்' என்று எழுத வேண்டிய இடத்தில் பலரும் ஈயத்தை எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலமே தாய்மொழியானோரும் இதற்கு விலக்கல்லர்.

எல்லாவற்றினும் கடினமானவை 'லை', 'லே' என்னும் இரண்டு. இங்கே தமிழே நமக்கு ஆசிரியராகிறது. 'லை' என்றால் கிட. 'லே' என்றால் கிடத்து. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. கிடத்தினான் என்பதற்கு 'லெய்ட்' என்று வரும். ஆனால் கிடந்தான் என்பதற்கும் ஆங்கிலத்தில் 'லே' என்றே வருவதுதான் தொல்லை. லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தை நினைவில் கொண்டால் குழப்பம் தீரும். மரியா தம் குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார், அங்கே 'லெய்ட்'. இடையர்கள் வந்து பார்த்தபோது குழந்தை கிடந்தது, அங்கே 'லே'. கிடத்துவதற்கு ஒரு பொருள் வேண்டும், கிடப்பதற்கு வேண்டியதில்லை.

எதிர்மறையிலும் தமிழ் கைகொடுக்கும். 'டிட் நாட்' என்பதற்குப் பின் 'வென்ட்' என்று சொல்வோர் பலர். 'கோ' என்பதே சரி. நாமும் 'நேற்றுப் போகவில்லை', 'இன்று போகவில்லை' என்கிறோம். 'போக' என்பது மாறுவதில்லை. ஆங்கிலத்தில் காலத்தை 'டிட்' சுமந்துகொள்வதால் அடுத்து வரும் வினை அதைச் சுமக்க வேண்டியதில்லை.

நம் மொழியிலும் விதிவிலக்குகள் இல்லாமலில்லை. விடு, பெறு என்பவை இடைநிலை ஏற்காமல், விட்டான், பெற்றான் எனத் தம் ஒற்றை இரட்டித்தே காலம் காட்டுகின்றன. எந்தக் குழந்தையும் இதற்கு அஞ்சியதில்லை. தாயின் வாயிலிருந்து கேட்டே கற்றுக்கொண்டது. ஆங்கிலமும் அவ்வாறே செவிவழி வரவேண்டியது. நாள்தோறும் ஒரு பக்கத்தை உரக்க வாசிப்பவர், பட்டியலை மனப்பாடம் செய்பவரை முந்திவிடுவார்.

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747), உடன் உழைத்த குருக்களுக்காகப் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். தெரிந்த மொழியின் துணையால் தெரியாத மொழியைக் கற்பிப்பது அவர் கண்ட வழி. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது தமிழை வாயிலுக்கு வெளியே நிறுத்துவது ஏனோ?

அந்த இளைஞர் தேர்வுக்குச் சென்றார். முதல் முறை வேலை கிடைக்கவில்லை. மூன்றாம் முறை கிடைத்தது. வாசகமும் மீண்டும் வாசித்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் நம் புறநகர்களில் வாழ்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் இப்பிள்ளைகளோடு அமர்ந்து உரக்க வாசிக்கச் செய்தால், அது அவர்களுக்குப் பேருதவியாகும். நெகேமியா நூலில் வாசித்தவர்கள் வாசிப்போடு நிறுத்தவில்லை. மக்கள் புரிந்துகொள்ளும்படி விளக்கமும் கூறினார்கள். தவறி ஒலிப்பவரைக் கண்டு சிரிக்க ஒரு நொடி போதும். அருகில் அமர்ந்து விளக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். அந்த மாலைப்பொழுதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.